அன்னங்களின் அடையாள அட்டை

புலம்பெயர்ந்த எங்கட ஆக்களின் கவிதைகளில் ஒரு பறவை கட்டாயம் வரும். அதற்கு எல்லை கிடையாது, விசா கிடையாது. விரல் அடையாளம் கேட்க ஒரு அதிகாரியும் இருக்கமாட்டார். அகதி முகாமில் இருந்து எழுதியவர், தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு எழுதியவர், குடியுரிமை எடுத்து இருபது வருடம் கழித்து எழுதியவர் எல்லாரும் அந்தப் பறவையைப் பாடிவிட்டார்கள். கவிதை நல்லதாகவே இருக்கும். எனக்குத்தான் அந்தப் பறவையோடு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

பறவைக்கும் எல்லை உண்டு. அதுவும் மனிதன் போட்ட அதே எல்லைதான். வேலிக்கு இந்தப்பக்கம் இறங்கினால் தானியம் போடுவார்கள், அந்தப்பக்கம் இறங்கினால் சுடுவார்கள். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை முழுக்க மகளோடு குளிரில் நின்று பார்த்ததையும், அந்த இடத்தின் சரித்திரமாக நான் வாசித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இடத்தின் பெயர் ஸ்லிம்பிரிட்ஜ். இங்கிலாந்தின் தென்மேற்கில், பிரிஸ்ரலுக்கும் குளோஸ்ரருக்கும் நடுவில், செவேர்ன் ஆறு கடலோடு கலக்கிற அகன்ற கழிமுகத்தின் கரையில் இருக்கிறது. உலகத்திலேயே கடல் மிக அதிகமாக ஏறி இறங்குகிற இடங்களில் இந்தக் கழிமுகமும் ஒன்று. வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, பெருகும்போது அவ்வளவும் தண்ணீர். எங்கட களப்புக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சேற்றின் மணம் உடனே பிடிபடும். குளிர் மட்டும்தான் வேறு.

மரக் கொட்டில்களில் நீட்டுக்கு ஒரு வெட்டு விட்டிருக்கிறார்கள். அதற்குள்ளால் பைனொகுலரை நீட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் போடக்கூடாது. மகள் முதல் அரைமணித்தியாலம் "அப்பா, எனக்குக் கால் விறைக்குது" என்று சொல்லிக்கொண்டு நின்றாள். பிறகு தேத்தண்ணிப் போத்தலையும் மறந்து அப்படியே ஒட்டிப்போனாள். முன்னால் ஆயிரக்கணக்கில் தாராக்கள். (ஊரில் நாங்கள் சின்னதைத் தாரா என்றுதான் சொல்வோம். இங்கே சின்னதைத் தாரா என்றும் பெரியதை வாத்து என்றும் பிரித்து எழுதுகிறேன்.) விசிலடிக்கிற மாதிரிக் கத்துகிற நாமத்தலைத் தாரா, வால் ஊசி மாதிரி நீண்ட ஊசிவால் தாரா. இந்த இரண்டும் மாரிக்கு மன்னாருக்கும் வருகிறவை. இங்கே வருகிற கூட்டமும் அங்கே போகிற கூட்டமும் வேறு வேறு பாதைக்காரர்தான். ஆனால் இனம் ஒன்று. தள்ளாடியில் இருந்து மன்னார்த் தாம்போதியால் பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் கறுப்பாகத் தண்ணீரில் மிதந்தவை எவை என்று எனக்கு இங்கே வந்துதான் பெயர் தெரிந்தது.

இனிச் சரித்திரத்துக்கு வருவம்.

ஸ்லிம்பிரிட்ஜில் வாத்துகள் பிழைத்திருந்தது இரக்கத்தால் அல்ல, வேட்டையால். அந்தக் கரை நிலமெல்லாம் பேர்க்லி என்ற பழைய பிரபுக் குடும்பத்தின் காணி. தாங்களும் தங்கள் விருந்தாளிகளும் சுடுவதற்காக அவர்கள் வேறு ஒருவரையும் உள்ளே விடவில்லை. அதனாலேயே மாரிக்கு வருகிற காட்டுவாத்துகளுக்கு அங்கே ஓரளவு அமைதி இருந்தது. பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஒரு தாராப் பொறி இன்றைக்கும் இருக்கிறது. நடுவில் குளம், குளத்தில் இருந்து வளைந்து வளைந்து ஒடுங்கிப் போகிற வாய்க்கால்கள், மேலே வளையம் போட்டு வலை. வாய்க்கால் ஓரத்தில் ஒரு நாய் தட்டிகளுக்கு இடையே தோன்றித் தோன்றி மறையும். நரியைக் கண்டால் தாரா ஓடாது, அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நீந்தும். உள்ளே வந்ததும் பின்னால் ஆள் எழும்பி நிற்பான். தாராக்கள் முன்னுக்குப் பறந்து வலையின் முடிவில் மாட்டும். எதிரியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டே போய் மாட்டுப்படுவது... எங்களுக்கும் புதிய கதை இல்லை.

இந்த இடத்தை மாற்றியவர் பீற்றர் ஸ்கொட். 1909-இல் பிறந்தவர். தென்துருவம் போய் 1912-இல் பனியில் இறந்துபோன கப்டன் ஸ்கொட்டின் ஒரே மகன். தகப்பன் சாகும் முன் மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், முடிந்தால் பெடியனுக்கு இயற்கையில் ஆர்வம் வரச் செய் என்று கேட்டிருந்தார். பெடியன் வளர்ந்து பறவைகளில் ஆர்வம் கொண்டான்தான், ஆனால் துவக்கோடு! இளமையில் பீற்றர் ஸ்கொட் பெரிய வாத்து வேட்டைக்காரர். வாத்துகளைச் சுடுவார், வாத்துகளையே ஓவியமாக வரைந்து விற்பார். 1936 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் வெண்கலப் பதக்கமும் எடுத்தார். அடிபட்டும் சாகாமல், எவரும் எட்டமுடியாத சேற்றில் கிடந்த ஒரு வாத்து தன் மனதை மாற்றத் தொடங்கியது என்று பின்னாளில் எழுதினார். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் சிறிய சண்டைப் படகுகளில் இருந்தார். போர் முடிந்து வந்தபோது துவக்கில் ஆசை விட்டுப்போய்க்கொண்டிருந்தது.

1945 மார்கழியில் அவர் ஸ்லிம்பிரிட்ஜுக்கு வந்தார். ஆயிரக்கணக்கான வெண்நெற்றி வாத்துகளுக்குள்ளே, அதே மாதிரி ஆனால் சற்றுச் சிறிய, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் உள்ள வேறோர் அபூர்வ இனம் ஒளிந்து வருகிறதா என்று பார்க்கத்தான் வந்தவர். கண்டுபிடித்தார். அந்த இடத்திலேயே ஆராய்ச்சி நிலையம் வைப்பது என்று தீர்மானித்தார். அடுத்த வருடம், 1946 கார்த்திகை 10-ஆம் திகதி, செவேர்ன் காட்டுப்பறவை அறக்கட்டளை தொடங்கியது. பேர்க்லி குடும்பத்தின் காணிதான் குத்தகைக்குக் கிடைத்தது.

முதல் பறவை பார்க்கும் கொட்டில் எது தெரியுமா? காவலரண்! ஜேர்மன்காரன் கடலால் வந்து இறங்குவான் என்று பயந்து பிரித்தானிய இராணுவம் கட்டிவிட்டிருந்த சீமெந்துச் சென்றிப் பொயின்ற்றுகள் கரையில் சும்மா கிடந்தன. துவக்கு நீட்டுவதற்கு விட்ட ஓட்டைக்குள்ளால் பைனொகுலரை நீட்டினார்கள். இதை மகளுக்குச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். "உங்கட ஊரிலையும் இது இருந்ததா அப்பா?" என்று கேட்டாள். இருந்தது பிள்ளை, சந்திக்குச் சந்தி இருந்தது. ஓட்டைக்குள்ளால் பறவையைப் பார்க்கிற காலம்தான் எங்களுக்கு வரவில்லை.

போர்க்கருவியைப் பறவைக்குத் திருப்பிவிடும் கதை அதோடு நிற்கவில்லை. 1948-இல் றொக்கற் கட்டிய வலையை வாத்துக் கூட்டத்தின் மேலே பாயவிட்டுப் பிடிக்கும் முறையைச் செய்து பார்த்தார்கள். பிடித்துக் கொல்லவில்லை. காலில் இலக்க வளையம் போட்டுத் திருப்பி விட்டார்கள். மேலே சொன்ன நாய்ப் பொறியும் அதே வேலைக்கு மாறியது. 1951-இல் ஸ்கொட் ஐஸ்லாந்தின் நடுப் பாலைநிலத்துக்குப் போய் இளஞ்சிவப்புக்கால் வாத்துகளுக்கு வளையம் போட்டார். இறகு உதிர்ந்து பறக்க முடியாத சில கிழமைகளில் அவற்றைக் குதிரையில் சுற்றி வளைத்துப் பட்டியில் அடைக்கலாம். முந்தின காலத்து ஐஸ்லாந்துக்காரர் இறைச்சிக்காகச் செய்த அதே முறை. 1953-இல் மறுபடி போய் ஆயிரக்கணக்கில் வளையம் போட்டார்கள். எந்தப் பறவை எங்கே பிறந்து எங்கே சாகிறது என்ற அறிவு இப்படித்தான் சேர்ந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு அன்னங்களுக்குச் சாப்பாடு. அதைப் பார்க்கத்தான் சனம் குளிரிலும் வருகிறது. ஒருவர் தள்ளுவண்டியில் தானியம் கொண்டுவந்து வீசிக்கொண்டு போக, இருட்டுகிற வானத்தில் இருந்து அன்னங்கள் இறங்கும்.

இந்த அன்னத்துக்குப் பெவிக் அன்னம் என்று பெயர். மரச்செதுக்குப் படங்களால் பறவைகளை அச்சுக்குக் கொண்டுவந்த தோமஸ் பெவிக்கின் நினைவாக 1830-இல் வைத்த பெயர். ரஷ்யாவின் வட கோடியில், மரமே முளைக்காத தூந்திர நிலத்தில் குஞ்சு பொரிக்கும். மாரிக்கு ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் பறந்து மேற்கு ஐரோப்பாவுக்கு வரும். குஞ்சுகள் தாய் தகப்பனோடு சேர்ந்தே பறந்து வழியைப் பழகும். எங்கட இலக்கியத்தில் நளனுக்கும் தமயந்திக்கும் தூது போன அன்னம் இருக்கிறது, பாலையும் நீரையும் பிரித்த அன்னம் இருக்கிறது. உயிரோடு ஒரு அன்னத்தை நான் ஊரில் கண்டதே இல்லை. ரஷ்ய அன்னத்தை இங்கிலாந்தில் கண்டேன்.

ஸ்கொட்டின் வீட்டுப் படம் வரையும் அறைக்கு முன்னாலேயே அந்தக் குளம். 1964 மாசியில் அவர் யன்னலால் பார்த்து ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு அன்னத்தின் அலகிலும் கறுப்பும் மஞ்சளும் கலந்திருக்கும் விதம் வேறு வேறு. எங்கள் கைரேகை மாதிரி. அவரும் மனைவியும் மகளும் இருந்து ஒவ்வொன்றின் முகத்தையும் வரைந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். அடுத்த மாரிக்கு அதே முகங்கள் திரும்பி வந்தன! லான்சலொட் என்று பெயர் வைத்த ஒரு ஆண் அன்னம் இருபதுக்கு மேற்பட்ட மாரிகள் திரும்பித் திரும்பி வந்தது. அன்று தொடங்கிய பதிவேடு இன்றைக்கும் நடக்கிறது. யார் யாரோடு சோடி, எத்தனை குஞ்சு, யார் இந்த வருடம் வரவில்லை எல்லாம் அதில் இருக்கும். சோடி சேர்ந்தால் சாகும்வரை பிரிவது மிக அபூர்வம். 2010-இல் இரண்டு அன்னங்கள் தனித்தனியாகப் புதுத் துணையோடு வந்து இறங்கியபோது அது பத்திரிகைச் செய்தியாகவே வந்தது. நாலு தசாப்தத்தில், நாலாயிரம் சோடிகளுக்குள், அது இரண்டாவது விவாகரத்தாம்.

முகத்தை வைத்து அடையாளம் காண்பது என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்குத் தலையாட்டி ஞாபகம் வந்தது. சாக்கு மூடிய தலை, வரிசையில் நிற்கிற பெடியங்கள், பிறகு லொறி. அடையாள அட்டையை எடுத்து நீட்டும்போது கை நடுங்காத ஒரு தமிழன் எங்கள் தலைமுறையில் இருக்கிறானா? இங்கேயும் பதிவுதான், பெயர்தான், இலக்கம்தான். ஆனால் நோக்கம் வேறு: ஒன்று வராவிட்டால் வரவில்லை என்று யாராவது தேட வேண்டும். ஒரு பதிவேடு காணாமல் போக்குவதற்கும் பயன்படும், காணாமல் போனவரைத் தேடுவதற்கும் பயன்படும். எங்கட அம்மாமார் தெருவோரத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்து கேட்பது இந்த இரண்டாவது வகைப் பதிவேட்டைத்தான்.

இனி எல்லைக் கணக்கு. பெவிக் அன்னத்தைச் சுடுவது அது பறந்து வருகிற நாடுகளில் சட்டவிரோதம். அப்படியிருந்தும், ஆராய்ச்சிக்காகப் பிடித்த உயிருள்ள அன்னங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றின் உடம்புக்குள் துவக்குச் சன்னங்கள் இருந்தன. சன்னத்தைச் சுமந்துகொண்டே பறந்து வந்து, சாப்பிட்டு, சோடி சேர்ந்து, திரும்பிப் போகின்றன. காயம் வெளியே தெரியாது.

என் இடது தோளுக்குள்ளும் ஷெல் துண்டு ஒன்று இருக்கிறது. 1990-இல் வந்தது. காந்தப் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் ஒரு படிவம் தருவார்கள்: உடம்புக்குள் உலோகம் இருக்கிறதா? ஓம் என்று எழுதுவேன். தாதி நிமிர்ந்து பார்ப்பார். இப்படி எத்தனை பேர் நாங்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வேலைக்குப் போய் வருகிறோம் என்று எவரும் எக்ஸ்ரே எடுத்துக் கணக்குப் பார்க்கவில்லை. அன்னத்துக்குப் பார்த்திருக்கிறார்கள். பொறாமையில் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தால்தான் சட்டமும் வாதமும் வரும் என்பதற்காகச் சொல்கிறேன். ஈயச் சன்னத்தைக் கூழாங்கல் என்று விழுங்கித் தாராக்கள் நஞ்சேறிச் சாகின்றன என்பதைக் கணக்குக் காட்டித்தான், நீர்ப்பறவைகளை ஈயத்தால் சுடுவதை இங்கிலாந்து 1999-இல் தடைசெய்தது.

திரும்பிப் போவதைப் பற்றியும் ஸ்லிம்பிரிட்ஜில் ஒரு கதை உண்டு. காலடியில் பயமில்லாமல் நடந்து வந்து கையில் இருந்து தானியம் தின்கிற நேநே வாத்து, ஹவாய்த் தீவுகளுக்கே உரியது. வேட்டையாலும், மனிதர் கொண்டுபோய் விட்ட கீரி, பூனை போன்றவற்றாலும் அழிந்து, 1950 அளவில் காட்டில் ஏறத்தாழ 30 தான் மிஞ்சியிருந்தன. 1950-இல் ஒரு சோடியை ஸ்லிம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். சோடி என்று நினைத்த இரண்டும் முட்டையிட்டன! இரண்டும் பெட்டை. அவசரமாகத் தந்தி அடித்து 1951-இல் ஒரு ஆண் வாத்தை விமானத்தில் எடுப்பித்தார்கள். அந்த மூன்றில் இருந்து பெருகிய பரம்பரையில் 1962-இல் ஒரு தொகுதியை ஹவாய்க்குத் திருப்பி அனுப்பினார்கள்.

"பிறகு சந்தோசமாக இருந்தினமா?" என்று மகள் கேட்டாள். அவ்வளவு சுகமாக இல்லை. கீரி இருந்த தீவுகளில் திரும்பிப் போனவை வருடக்கணக்காகத் தத்தளித்தன. கீரி பரவாத காவாய் தீவில்தான் நன்றாகப் பெருகின. 2019 முடிவில் அமெரிக்க அரசு இந்த இனத்தின் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்தது. கூட்டைத் திறந்து விமானத்தில் ஏற்றிவிட்டால் அது திரும்பிப் போவது ஆகாது. எது துரத்தியதோ அது அங்கே இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அகதிகளைத் திருப்பி அனுப்பலாமா என்று கோவைகள் எழுதுகிறவர்கள் ஒருக்கால் நேநேயின் கோவையையும் வாசிக்கலாம்.

ஒரு நாட்டில் காப்பாற்றி இன்னொரு நாட்டில் சுட்டால் பயன் இல்லை என்று விளங்கியவர்கள்தான் 1971 மாசி 2-ஆம் திகதி ஈரானின் ராம்சார் என்ற கடற்கரை ஊரில் கூடினார்கள். 18 நாடுகள். அந்த உடன்படிக்கையை எழுதிச் சேர்த்தவர்களில் ஸ்லிம்பிரிட்ஜின் ஆராய்ச்சிப் பொறுப்பாளர் ஜெஃப்ரி மத்யூசும் ஒருவர். பனிப்போர்க் காலத்தில் பறவைக்காக நாடுகள் கையெழுத்து வைத்தன. இன்று 170-க்கு மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இலங்கை 1990-இல் சேர்ந்தது. அதே 1990-இல் நாங்கள் மன்னார்க் கரையில் வள்ளத்துக்குக் காத்து நின்றோம். மன்னாரில் வங்காலை 2010-இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. எங்கள் ஊசிவால் தாரா வந்திறங்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

இங்கேதான் எனக்கு மனம் இரண்டாகிறது. சரணாலயம் என்ற சொல் எங்கட மண்ணில் சுத்தமாக இல்லை. சுண்டிக்குளம் 1938-லேயே பறவைச் சரணாலயம். 2009-இல் அந்தக் கரையிலும் அதற்குத் தெற்கே உள்ள கரையிலும் சனத்துக்கு என்ன சரண் கிடைத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். 2015-இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். வன்னியில் எல்லைக்கல் நடும்போதெல்லாம், அது எங்கட வயல், எங்கட பாடு என்று சனம் சொல்வதையும் கேட்கிறோம். மறுபக்கம், மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக வழக்குப் போனபோது பறவைப் பாதையும் ஒரு வாதமாக நின்றது. 2025 மாசியில் அதானி நிறுவனம் தன் திட்டத்தில் இருந்து விலகியது. அதே ஆண்டு ஆவணியில் வேறு காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார்ச் சனம் தெருவில் இறங்கியது. பறவையும் மீனவனும் ஒரே பக்கத்தில் நின்றதை நான் அங்கேதான் கண்டேன். பறவையைக் காட்டிச் சனத்தை எழுப்பினால் அது சரணாலயம் இல்லை. சனமும் பறவையும் சேர்ந்து காக்கிற இடம்தான் நிலைக்கும். செங்கல்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலில், பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம் என்று கண்டு ஊர்ச்சனமே தலைமுறையாகக் காவல் இருந்ததும் அதனால்தான்.

ஸ்லிம்பிரிட்ஜிலும் எல்லாம் நல்லபடி இல்லை. மேற்கு ஐரோப்பாவுக்கு வரும் பெவிக் அன்னங்கள் 1995-இல் ஏறத்தாழ 29,000. 2010-இல் 18,000. பிறகும் குறைந்திருக்கிறது. மாரி சூடாகச் சூடாக, வருகிறவையும் ஜேர்மனி, நெதர்லாந்தோடு நின்றுவிடுகின்றன. அன்று பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் எண்ணியது 43. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இறங்கிய குளம். வழி தெரிந்த தாய் தகப்பன் வராவிட்டால் குஞ்சுக்கும் வழி தெரியாமல் போகும். ஒரு பாதை அழிவதற்கு ஒரு தலைமுறை போதும்.

எங்களுக்கும் அந்தக் கணக்குத்தான். மகளுக்கு நான் காட்டிய பறவைகளில் பாதிக்கு என்னிடம் ஊர்ப்பெயர் இல்லை. அம்மாவுக்குத் தெரியும், ஆச்சிக்கு இன்னும் கூடத் தெரிந்திருக்கும். ஒரு கொப்பி வாங்கி, கிழமைக்கு ஒருக்கால் அம்மாவுக்குப் போன் எடுத்து, நிறத்தையும் காலையும் சத்தத்தையும் சொல்லிக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை 31 பெயர். அலகின் படத்தை மகள் வரைகிறாள். உங்கள் வீட்டிலும் வயது போன ஆக்கள் இருந்தால் இந்த மாரிக்குள் கேட்டு எழுதி வையுங்கோ.